மடிதல்

யூரியாவைத் தண்ணீரில் கொட்டினால்
குவளை சில்லிடும்.
இருபத்தேழு கிராம்.
கலக்கக் கலக்கக் கண்ணாடி வெளியே வியர்க்கிறது,
உள்ளங்கை மரத்துப்போகிறது.
வயலுக்கு மூட்டை மூட்டையாய்ப் போகிற
அதே வெள்ளைக் குருணைதான்.
இங்கே புரதத்தைக் குலைக்க.

ஹாலே, உப்புக் காய்ச்சிப் பிழைத்த ஊர்.
ஸாலே ஆற்றைத் தாண்டி, மேட்டின் மேல்
எங்கள் ஆய்வுக்கூடம்.
பெப்ரவரி. நாலு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.

இருபத்து நான்கு குழாய்கள்.
முதலாவதில் யூரியா இல்லை,
கடைசியில் எட்டு மோலார்.
எல்லாவற்றிலும் ஒரே அளவு புரதம்,
அறுபத்துமூன்றாம் இடத்தில்
லியூசினை உருவிவிட்டு
அலனின் செருகிய புரதம்.
முழுச் செங்கல் இருந்த இடத்தில் அரைச் செங்கல்.
சுவருக்குள்ளே எங்கோ ஒரு பொந்து.
அந்தப் பொந்துக்கு என்ன விலை
என்று கேட்கத்தான்
மூன்று வருடமாய் எனக்குச் சம்பளம்.

தமிழ் இதில் உதவுவதாயில்லை.
மடிந்தார் என்றால் போய்ச் சேர்ந்தார்.
மடிந்த புரதம் என்றாலோ
எழுந்து வேலைக்குப் போகிற புரதம்.
விரிவது பூவுக்கு நல்லது,
இதற்கு அதோடு சரி.
ஹென்ரிக்கேயிடம் சொன்னேன்.
எங்கள் மொழியில் மடிப்பென்றால் இதுவும்தான் என்று
நெற்றிச் சுருக்கத்தைத் தொட்டுக் காட்டினாள்.

பத்தாவது குழாயைக் கவிழ்த்துக் கவிழ்த்துக்
கலக்கி வைத்தபோது
தீ மணி.
ஒத்திகைதான். ஆனாலும்
எல்லோரும் முற்றத்தில், பனியில்,
பாதுகாப்புக் கண்ணாடியோடு.
யோர்ன் கையுறையைக் கழற்ற மறந்து
சிகரெட்டைத் தேடிக்கொண்டிருந்தான்.
இருபது நிமிடம்.
திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.
பதினான்கிலிருந்து.

இரவு முழுக்க அவை நிற்க வேண்டும்.
நிற்பதாய்த் தெரியும், நிற்பதில்லை.
ஒன்று அவிழும், ஒன்று மடியும்,
போவதும் வருவதும் சமமாகும்வரை.
ஆயிரம் இழுப்பும் ஆயிரம் தள்ளலும்
ஒன்றையொன்று கழித்துக்கொண்டபின்
மிஞ்சுகிற சில்லறைதான்
ஒரு புரதத்தை அதன் உருவில் நிறுத்துகிறது.
கணக்குப் போட்டபோது நம்பாமல்
இரண்டாம் முறை போட்டேன்.
அவ்வளவே வந்தது.

மறுநாள் புற ஊதா ஒளி.
உள்ளே புதைந்திருக்கும்வரை டிரிப்டோபான்
ஒரு நிறத்தில் மினுங்கும்.
புரதம் அவிழ்ந்து தண்ணீர் அதைத் தொட்டதும்
நிறம் சற்றே விலகும்.
நம் கண்ணுக்கு எட்டாத விலகல்,
கருவி சொல்லித்தான் தெரியும்.
வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டிய கோடு
பாதியில் நின்றது.
பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று,
மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரத்தில்.
மாடிப்படியில் மூச்சு வாங்க விட்ட தளம் போல.
மடிந்ததும் இல்லை, அவிழ்ந்ததும் இல்லை,
மூன்றாவதாக ஏதோ.

நோட்டில் எழுதினேன்: இடைநிலை.
பக்கத்தில் ஆச்சரியக்குறி. இரண்டு.
அன்று டிராமில் என் நிறுத்தம் தாண்டி
இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

காலையில் ஹென்ரிக்கே
பதினொன்றாம் குழாயை விளக்குக்கு நேரே பிடித்தாள்.
மெல்லச் சாய்த்தாள்.
அடியிலிருந்து எழுந்தது ஒரு நெளிவு,
கலக்காத சர்பத்தில் பாகு நெளிவது போல.
பன்னிரண்டு.
பதின்மூன்று.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மணி அடித்தது, என்றேன் நான்.

எங்கள் நோட்டில் அழிக்கக் கூடாது.
வெள்ளை மை கூடாது.
ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரியும்படி,
தேதி, சுருக்கொப்பம்.
போட்டேன்.
இடைநிலை இன்னும் படிக்க முடிகிறது.
ஆச்சரியக்குறிகளைக் கோடு எட்டவில்லை.

யூரியா நாள்பட்டால் கெடும்,
புதிதாய்த்தான் கரைக்க வேண்டும்.
இருபத்தேழு கிராம்.
குவளை சில்லிட்டாயிற்று.
ஒவ்வொரு குழாயும் கலக்கி முடித்ததும்
இடது கையுறையில் பேனாவால்
எண் எழுதிக்கொள்கிறேன்.
இப்போது அதில் ஏழு.